வீடியோ போய்ச் சேருது... தெளிவு போயிடுது! டாக்டருக்கு அனுப்பும்போது இதைக் கவனிங்க

“அடுத்த முறை இப்படி வந்தா ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க.”

வலிப்புக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோரிடம் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது இது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி சுமார் 35 கிலோமீட்டர். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை எழுந்து விளையாட ஆரம்பித்துவிடும். பிறகு டாக்டருக்கு இருக்கும் சாட்சி அந்த வீடியோதான். கண் எந்தப் பக்கம் செருகியது, எந்தக் கை முதலில் வெட்டியது, உதடு துடித்ததா என்று அதில்தான் தேடுவார். அவர் கைக்குப் போகும்போது முகமே களிமண் பொம்மை மாதிரி இருந்தால்?

நெட்வொர்க்கை மட்டும் திட்டிப் பயனில்லை. ஃபுல் ஹெச்.டி வீடியோவில் நொடிக்கு 30 படங்கள். சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடத்துக்கே சுமார் 11 ஜிபி ஆகும். அதனால் எடுக்கும்போதே போன் அதை 100 எம்பி அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. சுவர், கட்டில், ஜன்னல் எல்லாம் அசையாதவை. அவற்றை ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும்.

அதுவரை பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போட்டால், அது இன்னொரு முறை சுருக்கும். கல்யாண வீடியோவுக்கு அது தாராளம். இங்கேயோ, கழிந்துபோகும் அந்தச் சின்னத் துடிப்புதான் டாக்டருக்கு வேண்டியது.

எனவே ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள். எடுத்தது எடுத்தபடியே போகும். 2 ஜிபி வரை அனுமதி உண்டு. சிக்னல் மோசமா? தெளிவில் கை வைக்காமல் நீளத்தைக் குறையுங்கள். ஆனால் தொடக்கத்தை வெட்டிவிடாதீர்கள், டாக்டருக்கு அதுதான் முக்கியம்.

‘வீடியோ கால் போட்டே காட்டிவிடலாமே?’ காலில் ஒரு துண்டு தொலைந்தால் பெரும்பாலும் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள், பேச்சு தடைபடுமே! அடுத்த படங்கள் தொலைந்ததை நம்பியே வருவதால், புதிதாக ஒரு முழுப்படம் வரும்வரை முகம் இழுபட்டுத் தெரியும். ஃபைல் அப்படியல்ல. விடுபட்ட துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கும். தாமதமாகும், குறையாது.

தேனிக்குப் பக்கத்திலும் ஓர் அம்பாசமுத்திரம் உண்டு, தெரியுமா? 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனை, அந்த ஊர் உள்படச் சில இடங்களின் கண் பரிசோதனை மையங்களைத் தன் தேனி மருத்துவமனையோடு வைஃபை மூலம் இணைத்தது. வீட்டுக்குள்ளேயே திணறும் வைஃபையை, கோபுரங்கள் வைத்து 15 கிலோமீட்டர் வரை கொண்டுபோனவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். தூரம் கூடினால் இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். அதனால் முறை வைத்துப் பேசவைத்தார்கள். வழியில் தொலைவதை ஈடுகட்ட, கூடுதல் துண்டுகளையும் சேர்த்து அனுப்பினார்கள். நோயாளி டாக்டரிடம் வீடியோவில் பேசுவார். கண்ணை எடுத்த புகைப்படம் தனியாகப் போகும்.

நாமும் அதையே செய்யலாம். பேசுவதற்குக் கால், காட்டுவதற்கு ஃபைல்.

ஒன்று மட்டும். வீடியோ எடுப்பது இரண்டாவது ஆளின் வேலை. முதல் ஆள் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் வீடியோவை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.