கொள்ளை நோய்க்கு ஒரு கணக்கு

கொள்ளை நோய் ஊரில் புகுந்தால் ஒரு நாள் ஓய்ந்துவிடுகிறதே, ஏன்? எல்லோரையும் தாக்கித் தீர்த்துவிட்டதாலா? இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள், எடின்பரோ நகரில் இருவர். ஒருவர் மெக்கென்ட்ரிக், முன்பு நம் நாட்டில் கசௌலி பாஸ்டர் நிலையத்தை நடத்திய டாக்டர். மற்றவர் கெர்மாக்; ரசாயன விஞ்ஞானி. 1924-ல் சோதனைச்சாலை விபத்தில், 26 வயதிலேயே இரு கண்களையும் இழந்தவர். அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கு!

1927-ல் அது வெளியாயிற்று. 1905-06-ல் பம்பாயில் பிளேக் வாராவாரம் கொண்டுபோன உயிர்களின் எண்ணிக்கை, அவர்கள் வரைந்த கோட்டை ஒட்டியே ஏறி இறங்கியிருந்தது.

கணக்கின் சாரம் இதுதான்: நோய் தொற்றக்கூடியவர்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், எல்லோரையும் தொடுமுன்பே அது அடங்கிவிடும். கூரை வீடுகள் நெருங்கியிருந்தால் தீ தாவும். நடுநடுவே ஓட்டு வீடுகள் இருந்தால்?

ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு குழந்தையும் ஓர் ஓட்டு வீடு. ஊசி போடும் வயது வராத அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்கும் அதுவே காவல். தட்டம்மையைத் தடுக்க, நூற்றுக்கு 95 குழந்தைகளுக்காவது இரண்டு தவணையும் போட்டாக வேண்டும். “நம் குழந்தை ஒன்றுக்குப் போடாவிட்டால் என்ன?” என்று பல வீடுகளில் நினைத்தால், தெருவே கூரை வீடாகிவிடும், சகோதரிகளே!