உத்தரவாதச் சீட்டு

சித்தூர், திருப்பதி வாழ் நம்மவர் சிலர், சேமிப்பையெல்லாம் திரட்டிச் சென்னையிலோ பெங்களூரிலோ பழைய சொகுசுக் கார் வாங்குகின்றனர். திருமலைப் பாதையில் ஏறுங்கால் தானியங்கிக் கியர் குலுங்கினாலோ நழுவினாலோ மேலும் ஓட்டுதல் கூடாது. கிளட்ச் வழுக்கினால் சூடு மிகும், தகடு தேயும், சிறு பழுது பெருஞ்செலவாகும்.

வெளிப்பட்டறையில் கியர்பெட்டியைத் திறப்பித்தால் உத்தரவாதம் பறிபோகக்கூடும். ஆதலின் உத்தரவாதம் அளித்தவரிடமே ஒப்புவித்து, நாள், ஓடிய கிலோமீட்டர், பழுதின் குறி மூன்றையும் வேலைச்சீட்டில் எழுதச் செய்து நகல் பெறுவோமாக. சேதத்தைக் குறியாமல் சரக்குக்குக் கையொப்பமிடுவார் உண்டோ?

அவர் மறுப்பின் 1915 என்னும் எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியது வெளியூராயினும், நாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே ஈராண்டுக்குள் வழக்கிடலாம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று என்பதையும் நினைவிற்கொள்க. விற்றவரின் இன்சொல் அங்கே சாட்சியாகாது, சீட்டே சாட்சி.