பாண்டி பஜாரும் ஒரத்தநாடும்

நெய்வேலி நகரியத்தில் தொழிற்சங்கங்கள் பிரிவதும் கூடுவதும் சகஜமே. ஆயினும் அங்கீகாரம் எவர்க்கென்பதை ரகசிய வாக்கெடுப்பு நிர்ணயிக்கிறபடியால், தோற்றவரும் மறுநாள் வேலைக்குச் செல்கின்றனர். நம் மண்ணிலே அடைக்கலம் புகுந்த ஈழ விடுதலை இயக்கங்களுக்கு அப்பாக்கியம் வாய்க்கவில்லை.

விடுதலைப் புலிகளின் தலைவராயிருந்த உமாமகேஸ்வரன், ஒழுக்க விதியை மீறினாரென்ற குற்றச்சாட்டின் பேரில் விலக்கப்பட்ட பின், 1982 மே 19 அன்று சென்னை பாண்டி பஜாரில் அவரும் புலிகளின் பிரபாகரனும் பகிரங்கமாகத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டனர். உமாமகேஸ்வரன் ஸ்தாபித்த புளொட் இயக்கத்திலும், தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டு முகாம்களில் கேள்வி கேட்ட இளைஞர்கள் சித்திரவதைக்குள்ளாயினர், சிலர் உயிரிழந்தனர். தப்பி வெளியேறியோர் ‘தீப்பொறி’ குழுவாயினர்; அவர்களில் ஒருவரான கோவிந்தன் அக்கொடுமையை ‘புதியதோர் உலகம்’ நாவலாக 1985-இல் வெளியிட்டார்.

அவ்வாண்டே புலிகள், டெலோ உட்பட நான்கு இயக்கங்கள் கூட்டணி கண்டன. மறு ஆண்டே டெலோவைப் புலிகள் அழித்தனர், அதன் தலைவர் சிறீசபாரத்தினம் கொல்லப்பட்டார். 1990 ஜூன் 19-இல் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கோடம்பாக்கத்தில் புலிகளால் கொல்லப்பட்டனர்.

விரோதியான இலங்கை அரசின் ஒடுக்குமுறையை இச்சகோதரக் கொலைகளுக்குக் காரணமாகச் சொல்வர். நான் அதை ஏற்கேன். நீக்கப்பட்டவன் முறையிட ஒரு சபையுமின்றி, ஆயுதமும் நியாயமும் ஒருவர் கையிலே குவிந்ததே மூலகாரணம். நிதியும் பயிற்சியும் நல்கிய நம் அரசுகள், அம்முகாம்களுக்குள்ளே நடந்ததை விசாரியாமல் விட்டதும் பெருங்குற்றமே. அக்காலத்தவர் இன்னும் ஜீவித்திருக்கையில், ஒரத்தநாட்டில் மாண்டோரின் பெயர்களையேனும் தமிழக அரசு விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும்.