களையை அறிந்தால்தான் காட்டைக் காக்கலாம்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி செல்லும் வழியில், மழைக்குப் பிந்தைய மாதங்களில் காடு பசுமையாகத் தெரிகிறது. அண்மையில் அவ்வழியே சென்றபோது, காடு செழித்திருப்பதாக உடன்வந்தவர்கள் மகிழ்ந்தனர். இறங்கிப் பார்த்தேன். சாலையோரப் பசுமையில் பெரும்பகுதி உண்ணிச்செடி.

வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெட்டவெளியில் புதராக வளரும். மரம் கிடைத்தால் கொடியாகப் பற்றி ஏறும். அடர்ந்த புதரின் கீழ் புல் தழைப்பதில்லை. கோடையில் காய்ந்து, தரையில் பரவும் தீயை மரக்கிளைகளுக்கு ஏற்றிவிடும். இலைகளைத் தின்னும் கால்நடைகளுக்கு நஞ்சாகும்.

இப்பகுதியிலுள்ள காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 504 சதுர கி.மீ. கர்நாடகத்தின் பன்னர்கட்டாவிலிருந்து ஆண்டுதோறும் யானைகள் தளி, ஜவளகிரி வழியாக வருகின்றன. காட்டில் புல் குறைந்தால், அவற்றைக் காட்டோரக் கேழ்வரகு வயல்கள் ஈர்ப்பதில் வியப்பில்லை. இழப்பு உழவருக்கும் உண்டு, யானைக்கும் உண்டு.

அயல் களைத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கை வெளியிட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், களத்தில் முதல் தேவை சரியாக அடையாளம் காண்பது. பிரண்டைக்கும் நாற்கோணத் தண்டு உண்டு. தூதுவளைக்கும் வளைந்த முள் உண்டு. படர்வதையெல்லாம் வெட்டினால், மண்ணுக்குரிய மூலிகைகளும் அழியும். முள்ளுள்ள நாற்கோணத் தண்டு, எதிரெதிராக அமைந்த சொரசொரப்பான இலைகள், கசக்கினால் எழும் கடும் நெடி, ஒரே கொத்தில் பல நிறப் பூக்கள், கரிய சிறு பழங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உண்ணிச்செடியை இனம் காணலாம்.

தரைக்கு மேல் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேர்க்கட்டையோடு அகற்ற வேண்டும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்புவதால், ஒருமுறை அகற்றுவதோடு பணி முடிவதில்லை. பறவைகளுக்கு மாநில எல்லையும் கிடையாது. எனவே, இரு மாநில வனத் துறைகளும் இணைந்தே செயல்பட வேண்டும்.

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் உண்ணிச்செடியின் தண்டிலிருந்து அறைகலன்கள் செய்கின்றனர். இங்குள்ள மலைக்கிராம மக்களுக்கும் அத்தகைய பயிற்சி தரலாம். மரக்கன்று நடுவதற்கு முன்வரும் ஒசூர் தொழிற்சாலைகள், அந்த நிதியில் ஒரு பங்கை ஐந்தாண்டுக் களையகற்றும் பணிக்கு ஒதுக்கலாம். நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. மீண்ட புல்வெளியை அளப்பதே காட்டுக்குப் பயன் தரும்.