ஆசிரியரின் அயர்ச்சி

"ஆசிரியர் வேலைக்கென்ன? காலையில் போனால் மாலையில் வீடு, கோடையில் விடுமுறை!" என்று கூறுவோர் நம்மிடையே பலர். அந்த 'எளிய' வேலையைச் செய்பவர் மாலையில் வீடு திரும்பியதும் ஏன் பேச்சற்று அமர்ந்துவிடுகிறார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

உடற்களைப்பு வேறு, உள்ளம் வற்றிப்போவது வேறு. முன்னது ஓர் இரவு உறக்கத்தில் தீரும். பின்னது விடுமுறை கழிந்த பின்னும் தீராது. பிறருக்குத் தொண்டாற்றும் பணியாளர்களிடம் காணப்படும் இந்நிலையைக் குறித்து 1974ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் எழுதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதனை நோய் என்று கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது.

உளவியல் பேராசிரியை கிறிஸ்டினா மஸ்லாக் இதன் கூறுகள் மூன்று என்பார். முதலாவது, உள்ளச் சோர்வு. இரண்டாவது, விலகல்; அதாவது, யாருக்காக உழைக்கிறோமோ அவர்களிடமே பரிவு குன்றுதல். மூன்றாவது, "நான் கற்பித்து என்ன ஆகிவிட்டது?" என்னும் விரக்தி.

இவற்றுள் இரண்டாவதே அஞ்சத்தக்கது. நேற்றுவரை பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தவர் இன்று சிறு பிழைக்கும் சீறுகிறார். "டீச்சரின் குணம் மாறிவிட்டது" என்று ஊர் பேசுகிறது. டான் லார்ட்டி என்னும் சமூகவியலாளர் 1975இல் வெளியிட்ட நூலில், ஆசிரியர்களின் மனநிறைவுக்குத் தலையாய ஊற்று மாணவர்களின் உள்ளத்தைத் தொட்டோம் என்னும் உணர்வே எனக் காட்டினார். பிள்ளைகளிடமிருந்து விலகும் ஆசிரியர், தமக்கு நிறைவு தரும் அந்த ஊற்றையே இழக்கிறார். பிள்ளைகளோ தம் ஆசிரியரை இழக்கின்றனர்.

இந்த அயர்ச்சி பாடம் நடத்துவதால் மட்டும் வருவதன்று. பதிவேடுகள், கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்தல் பணி, தேர்ச்சி விழுக்காடு பற்றிய கெடுபிடி எனச் சுமைகள் பல. சற்றே மூச்சுவிடக் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளையும், விடுப்பில் சென்றவருக்கு மாற்றாக வகுப்பைப் பார்ப்பதில் கழிகிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் குறைந்த ஊதியமும் நிலையில்லாத பணியும் இவற்றோடு சேர்கின்றன.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத வேறு பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. வாரத்திற்குக் குறைந்தது 45 மணி நேரப் பணி என வகுத்து, பாடத்திற்கு ஆயத்தமாகும் நேரத்தையும் அதனுள் அடக்குகிறது. ஆயத்தமும் உழைப்பே என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. நம் வீடுகள் ஒப்புக்கொள்கின்றனவா?

பஜ்ருக்கு எழுந்தது முதல் அடுப்படியில் நின்று, பள்ளிக்கு ஓடி, மாலையில் மீண்டும் சமைத்து, இஷாவுக்குப் பின் விடைத்தாள்களைத் திருத்த அமரும் பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களிடம், "ஊரார் பிள்ளையைப் பார்க்கிறாய், உன் பிள்ளையைப் பார்க்க நேரமில்லையா?" என்று கேட்பது கொடிய சொல். விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கும் இரவில் கணவர் அடுப்படியைக் கவனிக்கட்டும். மகன் பாத்திரம் துலக்கட்டும். வீடு திரும்பியதும் அரைமணி நேரம் எவரும் எதுவும் கேளாதிருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நாம் பள்ளிக்குச் செல்வது பெரும்பாலும் மதிப்பெண் குறைந்தபோது முறையிடவே. பிள்ளை ஒரு கணக்கைத் தானாகப் போட்ட நாளிலும் சென்று ஆசிரியரிடம் கூறுங்கள். அவர் உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேறில்லை.

பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் பெரியவர்கள், ஆசிரியரின் ஓய்வுப் பாடவேளையை அவருக்கே விட்டுவைக்க வேண்டும். ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதச் சொல்வதையேனும் நிறுத்தலாம்.

ஆசிரியப் பெருமக்களே! உறக்கம் கெட்டு, வகுப்பறையை நினைத்தாலே நெஞ்சம் கனக்கும் நிலை வாரக்கணக்கில் நீடித்தால் உடன் பணியாற்றுவோரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், மருத்துவரையும் நாடுங்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. நம் பிள்ளைகள் நாளின் பெரும்பொழுதை உங்கள் முகம் பார்த்தே கழிக்கின்றனர். அம்முகம் வாடாதிருக்கச் செய்வது எங்கள் பொறுப்புமாகும்.