ஏன் மேலும் படிக்க வேண்டும்?



மழைக்காலம் ஆரணி நெசவாளருக்கு உகந்த காலமன்று. குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறும். பாவு நூல் ஈரத்தை வாங்கிக்கொண்டு நெசவுக்கு இணங்காமல் நிற்கும். தெருவெங்கும் கேட்கும் தறியோசை அடங்கிவிடும். அத்தகைய ஒரு மாலையில், சென்ற ஐப்பசியில், செவிலியப் பெண்ணொருத்தி குடையும் கையுமாக நம் பங்கு இல்லத்துக்கு வந்தாள். அவள் நம் பங்கைச் சேர்ந்தவள் அல்லள். பட்டு நெசவாளர் ஒருவரின் மூத்த மகள். கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவள். அந்நாளில் நான் அப்பள்ளியின் தாளாளராக இருந்தமையால் அவள் குடும்பத்தை நன்கறிவேன்.

பி.எஸ்ஸி. செவிலியப் படிப்பை முடித்து, நகரத்து மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறாண்டுகள் பணியாற்றியிருக்கிறாள். இப்போது எம்.எஸ்ஸி. படிக்க விரும்புகிறாள். விண்ணப்பத்தோடு, தான் மேற்படிப்பை நாடும் காரணத்தையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டுமாம். எழுதிக் கொண்டு வந்திருந்தாள். "ஆங்கிலத்தை மட்டும் திருத்திக் கொடுங்கள் ஃபாதர்" என்றாள்.

படித்தேன். இலக்கணப் பிழை அதிகமில்லை. விளக்கேந்திய நங்கை வந்தார்; தன்னலமற்ற சேவை வந்தது; இளமை முதலே நெஞ்சில் கனன்ற இலட்சியமும் வந்தது. அவள் மட்டும் அதில் எங்குமே வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் உண்டு. பதினாறு வயதில் குருமடத்துக்கு நான் எழுதிய விண்ணப்பமும் ஏறத்தாழ இவ்வாறுதான் இருந்தது. ஆன்மாக்களின் ஈடேற்றத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். எங்கள் பங்குத் தந்தையின் மோட்டார் சைக்கிளின்மீது எனக்கிருந்த மோகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை! இறைவன் அந்த மோகத்தையும் பயன்படுத்திக் கொண்டார் என்பது வேறு செய்தி.

"இதில் உண்மை எவ்வளவு அம்மா?" என்று கேட்டேன். சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பணி. வயிற்றில் அறுவை முடிந்து மூன்றாம் நாளான நோயாளி ஒருவர். ஏறத்தாழ அவள் தந்தையின் வயது. மாலையில் நிமிடத்துக்குப் பதினெட்டாக இருந்த அவருடைய மூச்சு, நள்ளிரவில் இருபத்தாறாகிவிட்டது. சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. மனிதர் படுக்கையில் நிலைகொள்ளவில்லை. பேச்சும் சற்றுத் தடுமாறியது. பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாள். "இரத்த அழுத்தம் என்ன?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது; சொன்னாள். "அப்படியானால் காலையில் பார்க்கலாம்" என்றார். மீண்டும் அழைத்தாள். மூன்றாம் முறையும் அழைத்தாள். அம்முறை கடிந்துகொண்டார். விடியுமுன் அழுத்தம் சரிந்தது. அதன்பின் எல்லோரும் ஓடி வந்தார்கள். பகலில் அவர் இறந்துவிட்டார்.

"ஏதோ நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது ஃபாதர். ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. 'எனக்கு என்னவோ பயமாயிருக்கிறது டாக்டர்' என்றுதான் சொன்னேன். பயம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?"

வாசகர்களே, இதை நான் பின்னர் மருத்துவ நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். உடலில் நச்சுக் கிருமித் தொற்று பரவும்போது, உடல் தன் முழு வலிமையையும் திரட்டி இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு பெருகுகிறது, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் சுருங்குகிறது. அழுத்தமோ பலருக்குக் கடைசியில்தான் வீழ்கிறது. அது வீழும்வரை காத்திருப்பவன், தூண்கள் அனைத்தும் சாய்ந்தபின் கூரையைப் பார்ப்பவனை ஒப்பான். 2016-ஆம் ஆண்டில் உலக வல்லுநர்கள் இதற்கென வகுத்த எளிய மூன்று அடையாளங்களில், நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு ஒன்று. அறிவு தடுமாறுதல் மற்றொன்று. அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழே இறங்குதல் மூன்றாவது. இரண்டு இருந்தாலே விழித்துக்கொள்ள வேண்டும். அவள் நள்ளிரவிலேயே இரண்டைக் கண்டுவிட்டாள். கண்ணுக்குத் தெரிந்ததை வாதமாக எடுத்து வைக்கும் சொற்கள்தாம் அவளிடம் இல்லை. அந்தச் சொற்களைத் தேடித்தான் படிக்கப் போகிறாள்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "இது தோல்வி அல்லவா ஃபாதர்? தோல்வியை யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா?" என்றாள்.

எழுதியவர்கள் உண்டு. நம் ஆரணியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் வேலூரின் வரலாறே ஒரு தோல்வியில் தொடங்கியதுதான். ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி மருத்துவரின் மகள். நோயுற்றிருந்த தாயைக் காண 1890களில் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தபோது, இந்நாட்டில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓரிரவு மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகாலத் துன்பத்தில் கிடந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு சாதி இந்து. ஆண் மருத்துவர் வரலாகாது, நீ வா என்று மூவரும் அழைத்தனர். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அவர் அமெரிக்கா திரும்பி, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். அன்றிரவு ஐடாவிடம் இரக்கம் இருந்தது. கற்ற கை இல்லை. இரக்கம் மட்டும் போதாது என்பதை மூன்று உயிர்கள் அவருக்குக் கற்பித்தன.

மருத்துவர் மட்டும் போதாது என்பதையும் அவர் விரைவில் உணர்ந்தார். 1909-இல் வேலூரில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு பிறந்தது. நாட்டின் முதல் எம்.எஸ்ஸி. வகுப்பு தில்லியில் 1959-இல் தொடங்கிற்று. பாத்திரம் துலக்கும் வேலையோடு ஒன்றாக எண்ணப்பட்ட ஒரு தொழில், அரை நூற்றாண்டில் பல்கலைக்கழகத்தின் படியேறியது.

இவ்விடத்தில் நம் திருச்சபையின் பக்கமும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். டைரோல் நாட்டுப் பெண்மணி ஆனா டெங்கல் அயர்லாந்தில் மருத்துவம் கற்று, 1920-இல் இராவல்பிண்டிக்கு வந்து, ஆண் மருத்துவரை அணுக இயலாத பெண்களுக்குச் சிகிச்சையளித்தார். அங்குத் தாம் கண்ட நிலையால் உந்தப்பட்டு 1925-இல் வாஷிங்டனில் மருத்துவப் பணிக் கன்னியரின் அமைப்பைத் தொடங்கினார். முதல் நால்வரில் இருவர் மருத்துவர், இருவர் செவிலியர். ஆனால் கன்னியர் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுத்திருந்தது. அத்தடை 1936-இல்தான் நீங்கியது. தாய்மார் இறந்துகொண்டிருந்தனர், கற்ற கன்னியர் கைகட்டி நின்றனர். தொண்டு செய்ய மனம் இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்னும் எண்ணம் நம்மிடையே எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எண்ணம் அங்கே மட்டுமா இருந்தது? இப்பெண் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மேற்படிப்புப் பேச்சை எடுத்தவள். தந்தை என்னிடம் வந்து, "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்" என்றார். நான் சொன்னேன். "உள்ள படிப்பு போதும் அம்மா, நோயாளியிடம் அன்பாயிரு, முதலில் திருமணம் ஆகட்டும்" என்று சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் போனாள். அந்த இரவுப் பணி அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து நேர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவ்வேளைக்குள் படித்து முடித்திருப்பாள். இதை அவளிடமே சொன்னேன். "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் ஃபாதர்" என்றாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விளக்கேந்திய நங்கையையும் அவளுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது. நைட்டிங்கேல் அம்மையார் செவிலியப் பணிக்குச் செல்லக் குடும்பத்தார் பல்லாண்டுகள் இசையவில்லை. செர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் அவர் பயிற்சி பெறச் சென்ற 1851-இல் அவருக்கு வயது முப்பத்தொன்று. கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தைவிட நோயினால் மிகுதியாக மடிந்தனர் என்பதை எண்ணிக் கணக்கிட்டு, வரைபடமாகத் தீட்டி, அரசின் முன் வைத்தவர் அவர். இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. நாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கை மட்டும் காட்டிவிட்டு எண்களை மறைத்துவிட்டோம். அமைச்சர்களை அசைத்தவை அந்த எண்கள்தாம்.

எண்கள் இன்றும் பேசுகின்றன. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், 300 மருத்துவமனைகளில், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடும்போது, முப்பது நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு ஏழு விழுக்காடு குறைவதாக அதில் கண்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே ஏழு விழுக்காடு ஏறுவதாகவும் கண்டனர். இரண்டாவதை மருத்துவமனை நடத்துவோர் ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நலம்.

"வேறு காரணம் ஏதேனும் உண்டா?" என்றேன். தயங்கினாள். "சம்பளம்" என்று மெல்லச் சொன்னாள், பாவசங்கீர்த்தனம் செய்பவளைப்போல. இதில் வெட்கமென்ன? ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று, உச்சநீதிமன்ற ஆணையால் அமைந்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. பரிந்துரை தாளிலேயே தங்கிவிட்ட இடங்கள் பல. தந்தைக்குப் பட்டு முதலாளியிடம் முன்பணக் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான். உழைப்பவள் கூலியைக் கேட்பது தொண்டுக்கு இழுக்கு என்று யார் சொன்னது? தொண்டு என்னும் சொல்லைக் காட்டியே செவிலியரின் வயிற்றை நெடுங்காலம் கட்டி வைத்துவிட்டோம். நம் நிறுவனங்களும் இதில் குற்றமற்றவை என்று நான் சொல்ல மாட்டேன்.

அவள் விரும்பும் படிப்பு, இந்திய செவிலியர் மன்றம் 2016-17-இல் தொடங்கிய தீவிர சிகிச்சைச் செவிலிய வல்லுநர் பயிற்சி. இரண்டு ஆண்டுகள், பெரும்பகுதி நோயாளியின் படுக்கை அருகிலேயே. பட்டமும், ஓராண்டேனும் பணியாற்றிய அனுபவமும் வேண்டும். ஆசிரியப் பணிக்குச் செல்ல உதவும் எம்.எஸ்ஸி. பிரிவுகள் பல இருக்க, ஏன் இது என்றேன். "வகுப்பறைக்குப் போனால் அந்தப் படுக்கையை விட்டுவிட்டுப் போனதாக ஆகும்" என்றாள். இதையும் எழுதச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறன்று அவள் இல்லம் சென்றேன். தந்தை தறிக்குழியில் அமர்ந்து, தீர்ந்துபோன பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள், ஓரிழை மாறினாலும் சேலை முழுவதும் பழுது தெரியும். நான் சொன்னவற்றைத் தலை நிமிராமலே கேட்டார். நள்ளிரவுத் தொலைபேசிச் செய்தியை மகள் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

பிறகு தறியின் மேலே தொங்கிய ஜக்கார்டு அட்டைகளைக் காட்டினார். "முப்பது வருசமா இந்த அட்டை சொன்னபடி நெய்யறேன் ஃபாதர். மயில் வரணும்னா மயில், மாங்கா வரணும்னா மாங்கா. அட்டையிலே ஒரு ஓட்டை தப்பா இருந்தா, நெய்யறப்பவே என் கைக்குத் தெரிஞ்சிடும். முதலாளிகிட்டே போய்ச் சொன்னா, 'உனக்கு அட்டை வெட்டத் தெரியுமா?'ன்னு கேப்பார். தெரியாது. திரும்பி வந்துடுவேன்."

சற்று நேரம் பேசவில்லை. இழைகளைப் பிணைக்கும் விரல்கள் மட்டும் இயங்கின.

"படிச்சு முடிச்சு வந்தா, இவ சொல்றதை டாக்டர் கேப்பாரா?" என்றார்.

கேட்பார் என்று உடனே சொல்லிவிட என்னால் இயலவில்லை. கேட்காதவரும் இருப்பார், ஆனால் கேட்கவில்லை என்று குறிப்பேட்டில் காரணத்தோடு எழுதவும், அவருக்கு மேலுள்ளவரை எழுப்பவும் இவளுக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அது போதும் என்பதுபோல் தலையசைத்தார். வரன் ஒன்று வந்திருப்பதாகவும், இரண்டு ஆண்டு பொறுப்பார்களா என்று கேட்டனுப்பப் போவதாகவும் அவர் மனைவி உள்ளிருந்து சொன்னார்.

விண்ணப்பத்தை மறுநாள் அனுப்பிவிட்டாள். புதிதாக எழுதிய பக்கத்தில் விளக்கும் இல்லை, இலட்சியமும் இல்லை. நள்ளிரவு, மூச்சு இருபத்தாறு என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள் இருந்தன, திருத்திக் கொடுத்தேன். நுழைவுத் தேர்வுக்காக இரவுப் பணி முடிந்து வந்து பகலில் படிக்கிறாளாம். தறியோசை தூங்கவிடாதது இப்போது அவளுக்கு உதவியாயிருக்கிறது என்று அவள் தாய் சொல்கிறார்.