அறியாமை குற்றமாமோ?

கதை மாந்தரை அறிவிலிகள் என எள்ளி நகையாடுவது வாசகர் சிலருக்கு வாடிக்கையாகிவிட்டது. அது முறையன்று என்பதே என் வாதம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் மாயக்கதை வரிசை 1996-இல் தொடங்கிற்று. அதன் ஒவ்வோர் இயலும் ஒருவர் கண்வழியே நிகழ்வது. பலர் கண்டதும் வாசகருக்குத் தெரியும். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது.

அதில் கேட்லின் என்னும் தாய், போரில் சிறைப்பட்ட பகைவன் ஜேமியை விடுவிக்கிறாள். உடனே, 'பேதை!' என்கின்றனர். ஏன்? அவளுடைய இளைய மைந்தர் இருவரும் உயிரோடிருப்பதை 1998-இல் வந்த இரண்டாம் நூல் நமக்குக் காட்டிவிடுகிறது. மகள் ஆர்யா பகைவர் தலைநகரினின்று தப்பியதையும் நாம் அறிவோம். அவள் அறிந்தது யாது? மைந்தர் மாண்டனர்; மகளிர் இருவரும் பகைவர் பிடியில். எஞ்சிய மகளிரையேனும் மீட்கவே கைதியை ஈடாக அனுப்பினாள்.

மன்னனாகிய மூத்த மகனின் இசைவின்றிச் செய்தது பிழையே; அதனைக் கண்டிக்கலாம். ஆயின், அவளுக்கு எட்டாத செய்தியைக் கொண்டு அவளைப் பழிப்பது அறமோ? நாம் அறிந்தது நம் கூர்மதியால் அன்று; ஆசிரியர் அளித்த கொடையால். அக்கொடை இரங்குதற்கு உரியது, இகழ்தற்கு அன்று.

முழுச் செய்தி எட்டுமுன் முடிவெடுத்த நாள் நம் வாழ்விலும் உண்டன்றோ? அன்று நாம் வேண்டிய நீதியை அத்தாய்க்கும் வழங்குவோம்.